வெளியே தங்கிய இரவுகள்

ராய்ஸ் டாலிவர் என் கூடப்பிறந்த தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டு, 'இதை ஏன் மறைத்தாள்' என்று கேட்க வேண்டாம். மறைக்கிற வேலை எங்கள் குடும்பத்தில் ஒருவரோடு நிற்கட்டும்.

எங்கள் ஊர் சட்டன் முனை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை வெள்ளத்தில் மிசிசிப்பி தன் வளைவை அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்தது. அதுவரை நதிக்குக் கிழக்கே இருந்த ஊர், ஒரே வாரத்தில் மேற்கே வந்துவிட்டது. நதி நகர்ந்தாலும் வரைபடத்தில் மாநில எல்லைக் கோடு நகரவில்லை. ஆகவே எங்களைச் சுற்றி மூன்று பக்கமும் வேறு மாநிலம். நாலாவது பக்கம் தண்ணீர். தண்ணீருக்கு அந்தக் கரையில் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலையூர் டன்மோர். ஷெரீஃப், கோர்ட், ஆஸ்பத்திரி, கல்யாணப் பதிவு, நாய்க்கு லைசென்ஸ், செத்தால் சர்ட்டிஃபிகேட், எல்லாம் அங்கே. எங்களுக்கு என்று இங்கே இருப்பது ஒரு சர்ச், ஒரு ஓட்டுச்சாவடி, காரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற ஒரு ஃபெரி.

ஃபெரியில் போனால் டன்மோருக்கு ஏழு நிமிடம். ஃபெரி இல்லையென்றால் தெற்கே போய், பக்கத்து மாநிலத்தின் பாலத்தைத் தாண்டி, திரும்ப வடக்கே வர வேண்டும். எழுபத்தோரு மைல். அதுவும் ஒரு வழிக்கு.

எழுபத்தோரு மைல் என்பது எனக்கும் உங்களுக்கும் ஒரு சலிப்பு. ஹாய்ட் சாண்ட்லினுக்கு அப்படியல்ல. தானியக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டன்மோர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். காலை ஏழு மணி ஃபெரியில் போவார், ஒரு மணி ஃபெரியில் மெழுகு மாதிரி வெளுத்துத் திரும்புவார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. அவருக்கு ஃபெரி நின்றால் ஊரும் நின்ற மாதிரிதான்.

நான் நடீன், கல்யாணமான பிறகு ப்ரூவிட், ஊராட்சி கிளார்க். பத்தொன்பது வருடமாக. எதிர்த்து யாரும் நின்றதில்லை. அது என் பெருமையால் அல்ல, வேறு யாருக்கும் இந்த வேலை வேண்டாம் என்பதால். சம்பளம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நான் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால் அது கோர்ட்டில் செல்லும். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கவுண்டியை ஆள்வது மூன்று பேர் கொண்ட போர்டு. அதில் நதியோர வட்டாரத்துக்கு ஒரு மெம்பர். ராய்ஸ்தான் எங்கள் மெம்பர். எங்கள் ஊர் ஓட்டு ஒன்று விடாமல் அவனுக்கு விழுந்தது. எப்படித் தெரியும் என்றால், எண்ணியவள் நான்.

1988 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சின் கீழ்த்தளத்தில் கெளுத்தி மீன் வறுவல் விருந்து. ராய்ஸ் ஃபெரியில் வந்தான். வந்தவன் எல்லோர் தோளையும் தட்டி, எல்லாக் குழந்தைகளின் பெயரையும் சரியாகச் சொல்லி, கடைசியில் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணணும்."

"முதல்ல மீனைத் தின்னு முடி. பேசிக்கிட்டே தின்னா முள்ளு மாட்டிக்கும். உனக்கு அஞ்சு வயசுலேருந்து சொல்றேன்."

"ஃபெரிக்கு ஆபத்து. போர்டுல மத்த ரெண்டு பேரும் நிறுத்திடலாங்கறாங்க. 'அந்தக் கரையில யாரு இருக்கா, ஒரு சர்ச்சும் நாலு நாயும்தானே'ன்னு எங்கிட்டயே சொல்றாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாலு நாயா? லைல் மேப்ரி வீட்டுல மட்டும் ஆறு நாய் இருக்கு!"

"அதேதான்! கையில கணக்கு இருந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி காட்டலாம். ஊர்ல எத்தனை பேர், என்ன வயசு, என்ன வேலை, எல்லாம். நூறுக்கு மேல இருந்தா அவங்களால கை வைக்க முடியாது. சட்டம் அப்படி."

"நூறுக்கு மேல கண்ண மூடிக்கிட்டுத் தேறும். நீயே எண்ணிட்டுப் போயேன்."

"நான் எண்ணினா ஓட்டுக்காகக் கூட்டி எழுதினேம்பாங்க. நீ எண்ணி முத்திரை குத்தினா எவனும் வாயத் திறக்க முடியாது. அதுவும் இல்லாம, உன்னைப் பார்த்தாத்தான்க்கா நம்ம ஜனங்க மனசு விட்டுப் பேசுவாங்க."

இந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மடத்தனம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று தெரியாத வயதா எனக்கு? ஐம்பத்து மூன்று.

அவன் கொடுத்த தாளில் நாலு கட்டம் இருந்தது. பெயர், வயது, தொழில். நாலாவது கட்டம்: 'வருடத்தில் வெளியே தங்கும் இரவுகள்'. இது எதற்கு என்று கேட்டேன். "உழைக்கிற ஜனங்கன்னு காட்டத்தான். படகு கம்பெனிக்காரங்க நமக்கு ஆதரவா நாலு வார்த்தை பேசுவாங்க" என்றான். மீனைத் தின்றுகொண்டே சொன்னான். முள்ளும் மாட்டவில்லை.

எங்கள் ஊர் ஆண்களில் இருபத்தேழு பேருக்கு இழுவைப் படகில் வேலை. முப்பது நாள் படகில், முப்பது நாள் வீட்டில். வீட்டுக்கு வராமல் தொடர்ந்து இன்னொரு முறையும் போகிறவனுக்குச் சம்பளமும் அதிகம், ஊரில் மதிப்பும் அதிகம். ஆகவே எவனும் தான் வீட்டில் கிடந்த நாளைக் கூட்டிச் சொல்ல மாட்டான். ஆற்றில் கழித்த ராத்திரிதான் அவனுக்கு மீசை. படகுக்காரன் சொல்வதில் கால்வாசியைத் தள்ளிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

லைல் மேப்ரி வீட்டில்தான் ஆரம்பித்தேன். லைல் முற்றத்தில் டிரக்குக்கு அடியில் கிடந்தான். கால் மட்டும் தெரிந்தது.

"யாரது, கிளார்க்கம்மாவா? ஓபல், கோழியெல்லாம் பிடிச்சு உள்ள போடு! வரி போட வந்துட்டாங்க!"

"உன் கோழிக்கு வரி போட்டா கவுண்டி உருப்பட்டுடும். வெளிய வா. போன வருஷம் எத்தனை ராத்திரி படகுல?"

லைல் வெளியே உருண்டு வந்து, எண்ணெய்க் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினான். "எழுதிக்கோ. இருநூத்தி அறுபது."

சமையலறை ஜன்னலிலிருந்து அவன் மனைவி ஓபல் எட்டிப் பார்த்தாள். "அப்படின்னா மீதி நூத்தியஞ்சு ராத்திரிதான் என் பக்கத்துல குறட்டை விட்டாரா? ஆயிரம் மாதிரியில்ல இருந்துச்சு!"

"பாத்தியா கிளார்க்கம்மா, நான் வீட்டுல இருந்தா இவளுக்கு வருஷம் நீளுது."

மூவரும் சிரித்தோம். நான் 260 என்று எழுதினேன்.

அடுத்த வீட்டுக்காரன் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "லைல் எவ்வளவு சொன்னான்?"

"அது ரகசியம். நீ உன்னோடதைச் சொல்லு."

"அவன் எவ்வளவு சொன்னானோ அதுக்கு மேல பத்து போட்டுக்கோ."

"சந்தைக்கடையா இது? நம்பரைச் சொல்லுடா."

"இருநூத்தி எழுபது!" என்றான். எழுதினேன். இப்படியே ஊர் முழுக்க. ஒருவன் முந்நூறு என்றான். அவன் மனைவி ஆறு மாத வயிற்றோடு பக்கத்தில் நின்றாள். அதையும் எழுதினேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுவதுதான் கிளார்க்கின் வேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு எழுதினேன். ஊரில் எல்லோரும் கால்வாசியைத் தள்ளிக் கேட்பார்கள். தாளுக்கு அந்தத் தள்ளுபடி தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஹாய்ட் ஒருவருக்குத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி இல்லாத நாள், மக்காச்சோள ரொட்டியும் மோரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆளை எண்ணு, சரி. ராத்திரியை எதுக்கு எண்ணறே?"

"ராய்ஸ் கேட்டான்."

"ராய்ஸ் எங்க தூங்கறான்?"

ராய்ஸ் தூங்குவது டன்மோரில், மாமனார் கட்டிக்கொடுத்த வீட்டில். சட்டன் முனையில் எங்கள் பழைய வீட்டு விலாசத்தை மட்டும் வைத்திருந்தான், தேர்தலுக்காக. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"ஹாய்ட், உங்க ஃபெரிக்காகத்தான் அவன் இவ்வளவு பாடுபடறான். என் தம்பிக்கு நான் ஜவாப்தாரி. போதுமா?"

ஹாய்ட் மோரைத் தள்ளி வைத்தார். ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்ட கையால் பேனாவை வாங்கினார். "உனக்காகப் போடறேன். அவனுக்காக இல்ல." வெளியே தங்கும் இரவுகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.

மொத்தம் நூற்றுப் பதினெட்டு பேர். ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து, என் முத்திரை. ஃபெரித் துறையில் வைத்துக் கொடுத்தேன். ராய்ஸ் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "அக்கா, உன்னை மாதிரி ஆள் இந்தக் கவுண்டியிலயே கிடையாது." அன்று பூரா நான் தரையில் நடக்கவில்லை.

மே மாதம் போர்டு கூட்டம். மதியம் இரண்டு மணி, டன்மோர் கோர்ட் கட்டடத்தின் மாடி அறை. ஃபெரி இரண்டு நடை அடித்து எங்கள் ஊரிலிருந்து அறுபது பேரை இறக்கியது. ஓபல் புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜெயித்துவிட்டு எல்லோருமாகச் சாப்பிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

போர்டு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என் கணக்கைப் படித்தார். நூற்றுப் பதினெட்டு என்றதும் எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு போன வருடம் திருத்தப்பட்ட மாநிலச் சட்டத்தைப் படித்தார். நிரந்தரவாசி என்றால் வருடத்தில் பாதி இரவுகளுக்கு மேல் ஊரில் தூங்குகிறவர். நூறு நிரந்தரவாசிகளுக்குக் குறைந்த ஊராட்சியை போர்டு கலைத்துவிடலாம், அதற்கான சேவைகளை நிறுத்தலாம்.

"கிளார்க் சான்றளித்த கணக்குப்படியே, இருபத்துமூன்று பேர் பாதிக்கு மேற்பட்ட இரவுகள் வெளியே தங்குகிறார்கள். மீதி தொண்ணூற்று ஐந்து."

என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. என்னிடம் இருந்த சட்டப்புத்தகம் 1974-ஆம் வருடத்தது. புதியது போர்டு மெம்பர்களுக்கு மட்டும் வந்திருக்கிறது. நான் ராய்ஸைப் பார்த்தேன். இப்போது எழுந்திருப்பான், மேசையைத் தட்டுவான், 'இது அநியாயம்' என்பான் என்று பார்த்தேன்.

எழுந்திருந்தான். "சட்டன் முனை ஊராட்சியைக் கலைத்து, வருகிற ஜூன் முப்பதோடு ஃபெரியை நிறுத்த வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன்" என்றான். எழுதி வைத்துக்கொண்டு படித்தான். இன்னொருவர் வழிமொழிந்தார்.

பேச விரும்புகிறவர்களுக்கு மூன்று நிமிடம். முதல் ஆளாக நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்று ஒழுங்காக நினைவில்லை. ஹாய்டைப் பற்றிப் பேசினேன். படகுக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று சொன்னேன். அம்மாவின் பெயரைக் கூட இழுத்தேன், வெட்கத்தை விட்டு. ராய்ஸ் தலை நிமிரவில்லை. அன்றைக்கு நேரம் பார்க்கிற பொறுப்பு அவனுடையது. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திருமதி ப்ரூவிட், உங்க மூணு நிமிஷம் முடிஞ்சுது. உட்காருங்க."

திருமதி ப்ரூவிட். ஐம்பது வருடத்தில் என்னை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அறுபது பேரும் கேட்டார்கள். அறுபது தலையும் அவனை விட்டு என் பக்கம் திரும்பின. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த முகங்களில் அனுதாபம் இல்லை.

ஓட்டு மூன்றுக்குச் சுழி.

தாழ்வாரத்தில் அவனை மடக்கினேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா?"

"அக்கா, கத்தாதே. பன்னெண்டாயிரம் பேர் இருக்கற கவுண்டி இது. நூத்திச் சொச்சம் பேருக்காக எத்தனை நாளைக்குத்தான் ஓட்டைப் படகை ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்கறது? இந்தக் கரையில ரோடெல்லாம் பல்லை இளிக்குது. எவனாவது ஒருத்தன் செஞ்சுதான் ஆகணும்."

"செய்யணும்னா நேரா வந்து சொல்லியிருக்கலாமே. ஊர்ல நின்னு, மூஞ்சியப் பார்த்து."

"சொல்லியிருந்தா எண்ணிக் கொடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"அந்த நம்பரெல்லாம் பொய்டா. உனக்கும் தெரியும். நீயும் நாலு வருஷம் படகுல இருந்தவன்தானே."

அவன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "ராத்திரியைக் குறைச்சுச் சொன்ன படகுக்காரனை நீ பார்த்திருக்கியாக்கா? நான் பார்த்ததில்ல. பொய் சொன்னது நானில்ல, அவங்க. எழுதினது நானில்ல, நீ."

அவனுக்கு எங்கள் ஜனங்களைத் தெரியும். அதுதான் பாவி செய்த வேலையின் மொத்தமும். வெளியாள் ஒருவனுக்கு அந்த நாலாவது கட்டம் தோன்றியிருக்காது. எங்கள் பெருமை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தவன் அந்த இடத்தில் கட்டம் போட்டான். அதைக் கேட்க யார் போனால் வாய் திறப்பார்கள் என்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பும் ஃபெரியில் எல்லோரும் முன்பக்கம் போய் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் கைப்பிடிக் கம்பி ஓரமாக நின்றேன். என்னைச் சுற்றி நாலடிக்கு இடம் காலியாக இருந்தது. பாதி ஆற்றில் லைல் வெடித்தான்.

"நான் சும்மா பீத்திக்கிட்டேன்! இருநூத்தி அறுபதெல்லாம் இல்ல. நூத்தி எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும். உனக்குத் தெரியாதா நடீன்? இத்தனை வருஷமா எங்க வாயைப் பாக்கறியே, உனக்குமா தெரியாது?"

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது லைல்."

"உன் தம்பிக்குத் தெரிஞ்சிருக்கே."

ஹாய்ட் காருக்குள்ளேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியற்காலை லைல் முப்பது நாள் படகுக்குப் போய்விட்டான்.

அழுதுகொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. மறுநாளே டன்மோருக்குப் போய் கோர்ட் நூலகத்தில் புதுச் சட்டப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மூன்றாம் நாள் மாலைதான் அந்த வரி கண்ணில் பட்டது. கணக்கில் பிழை இருந்தால், தீர்மானம் நிறைவேறிய பத்து நாளுக்குள் ஊராட்சி கிளார்க் திருத்தம் தாக்கல் செய்யலாம். அதற்குச் சம்பந்தப்பட்ட வீட்டில் ஒருவரின் கையெழுத்து வேண்டும், சம்பளச் சீட்டு போல ஓர் ஆதாரம் வேண்டும். கிளார்க் மட்டுமே செய்யலாம், வேறு யார் செய்தாலும் செல்லாது.

தொண்ணூற்று ஐந்து நூறாக வேண்டும். ஐந்து பேர் போதும். வெறும் ஐந்து பேர்!

மறுபடி கதவு கதவாகத் தட்டினேன். முதல் தடவை காப்பியும் கேக்கும் கொடுத்த வீடுகள். இப்போது கம்பி வலைக் கதவைத் திறக்காமலே பேசினார்கள். சிலர் உண்மையிலேயே பாதிக்கு மேல் வெளியே தங்குகிறவர்கள், அவர்களால் பயனில்லை. சிலர் படகில் இருந்தார்கள், மனைவிமார், "அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். பத்து நாளுக்குள் அவர் வர மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவன் சம்பளச் சீட்டுகளை என் கையில் தராமல் தானே பிடித்துக்கொண்டு, "அங்கேருந்தே பார்த்து எழுதிக்கோ" என்றான். பார்த்து எழுதிக்கொண்டேன். மானம் மரியாதை பார்க்கிற நிலையிலா இருந்தேன்? முந்நூறு சொன்னவனின் மனைவி, இப்போது நிறைமாதக்காரி, புருஷன் தடுத்தும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பிரசவம் டன்மோரில்.

ஒன்பதாம் நாள் முடிவில் நாலு கையெழுத்து. பத்தாம் நாள் காலை, மிச்சமிருந்தது ஒரே வீடு. கடைசிக்கு என்று வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன். அங்கே நிச்சயம் கிடைக்கும் என்று நம்பினேன். ஃபெரியில் ஊரே கேட்க உண்மையைச் சொன்னவன் லைல். அவனுடைய சம்பளச் சீட்டு வீட்டில்தான் இருக்கும்.

ஓபல் கதவைத் திறந்தாள். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரக்கூடச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. மேசையில் தாளை விரித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சமையலறைச் சுவரிலிருந்து போன வருடத்துக் காலண்டரை எடுத்து வந்தாள். லைல் இல்லாத ராத்திரி ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"நூத்தி எழுபத்தொண்ணு" என்றாள். "ஒவ்வொண்ணா எண்ணியிருக்கேன். சீட்டும் டிராயர்ல இருக்கு."

"போதும் ஓபல். இது போதும். இங்க ஒரு கையெழுத்து."

அவள் பேனாவைத் தொடவில்லை. காலண்டரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன தடவையும் இதே மாதிரிதான் வந்தே. இந்த ஜன்னலுக்கு வெளிய நின்னே. ஃபெரிக்கு நல்லதுன்னே. இப்பவும் ஃபெரிக்கு நல்லதுங்கறே. ரெண்டு தடவையும் ஒரே முகம்தான் நடீன். எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?"

"ரெண்டு தடவையும் நான் உண்மையைத்தான் சொன்னேன்."

"அதான் பயமா இருக்கு" என்றாள் ஓபல். "அன்னிக்கு நீ பொய் சொல்லியிருந்தேன்னா, இன்னிக்கு உண்மை சொல்றேன்னு நம்பிப் பார்க்கலாம். இந்தச் சீட்டு உன் கைக்கு வந்தா அது எங்க போய் நிக்கும்னு உனக்கே தெரியாது. அவன் இதுக்கும் ஒரு கட்டம் போட்டு வெச்சிருப்பான். எங்களுக்கு இருக்கறது இந்த வீடும் இந்த வேலையும்தான்."

"ஓபல், அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும். உன் ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஹாய்டை நினைச்சுப் பாரு."

"நினைக்காமயா இருக்கேன்? நினைச்சு நினைச்சு அழுதுட்டுத்தான் சொல்றேன். வேற யாராவது வந்து கேட்டா இப்பவே போட்டுத் தருவேன்."

"வேற யாரும் கேட்க முடியாது. சட்டப்படி நான் ஒருத்திதான்."

"தெரியும்" என்றாள். எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

நான் கெஞ்சினேன். முழங்காலில் விழாத குறை. அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவள் அழுதுகொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எல்லாக் கோபமும் ஆற்றைத் தாண்டிப் போய் ஒரே ஒரு வீட்டு வாசலில் நின்றது. இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறது. நாலு கையெழுத்தைக் கொண்டுபோய் நாலரை மணிக்குத் தாக்கல் செய்தேன். வாங்கிக்கொண்ட பெண் எண்ணிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி ஒன்பது" என்றாள், பாவம், அவளுக்கே வருத்தமாக இருந்தது.

ஜூன் முப்பதாம் தேதி ஹாய்ட் வீட்டைப் பூட்டினார். டன்மோரில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருந்தார். சாமான் தூக்க வேறு யாரும் வரவில்லை, நான் போனேன். இரண்டு பெட்டி, ஒரு ரேடியோ, மனைவியின் படம். கடைசி ஃபெரியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். படகுத்துறையில் கயிறு வீசும்போது, ஹாய்ட் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நடீன், கோபிச்சுக்காதே. இனிமே சொன்னா ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீ தெரியாமத்தான் பண்ணினியா?"

"தெரியாமத்தான் ஹாய்ட். சத்தியமா."

"சரி" என்றார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ரேடியோவை மட்டும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி நடந்தார். அந்தச் 'சரி' எப்படிப்பட்ட சரி என்று எனக்குத் தெரியும். நாம் நம்பாத ஒருவரிடம் நாமும் அப்படித்தான் சொல்லுவோம்.